சப்பைமூக்கு முத்தையா இன்னும் தேறவில்லை

இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏறி வந்தால் திருப்புவதற்கு இடமில்லாமல் பின்பக்கமாகவே இறங்கிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஐந்து முத்தையாக்கள் இருந்தார்கள். விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில், கங்காணி வெறுமனே ‘முத்தையா’ என்று கூப்பிட்டால், வேலை சுலபமென்று தெரிந்த நாளில் ஐந்து பேரும் முன்னால் வந்து நிற்பார்கள். அட்டை கடிக்கிற காட்டோரம் தண்ணீர்க் கான் வெட்டப் போகிற நாளென்றால் ஐந்து பேரும் ஒருவனையொருவன் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே தோட்டத்து வழக்கப்படி ஆளுக்கு ஓர் அடையாளம் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்டது. எந்தக் காலத்துத் துரையோ விட்டுப்போன கோட்டை மழையிலும் வெயிலிலும் கழற்றாதவன் கோட்டு முத்தையா. பசு வைத்திருந்தவன் மாட்டு முத்தையா. பசு செத்துப் பல வருஷமாகியும் பெயர் சாகவில்லை. மேட்டு லயத்து வரிசைவீட்டில் இருந்தவன் மேட்டு முத்தையா. சாவு வீட்டிலும் பல்லைக் காட்டுகிறவன் இளிச்ச முத்தையா. ஐந்தாவது ஆள் சப்பைமூக்கு முத்தையா.

அந்த மூக்கு பிறவியில் வந்ததல்ல. மீசை அரும்பிய வயதில், மலையிலிருந்து தேயிலை ஸ்டோருக்குக் கம்பியில் இறங்கிக்கொண்டிருந்த கொழுந்துச் சாக்கு ஒன்று, வழியில் என்ன நினைத்ததோ, கொக்கியை விட்டு முத்தையாவின் முகத்தில் வந்து உட்கார்ந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது மூக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது இடது கன்னத்தோடு ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி படுத்திருந்தது. ஒரு துவாரத்தால் மட்டும் மூச்சுப் போனது. வாசனையும் பாதிதான் தெரிந்தது. தோட்டத்து வாசனைகளுக்கு அது போதுமென்று முத்தையா இருந்துவிட்டான்.

பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டார் மூக்கைப் பார்த்துத் தயங்கினார்கள். பெண்ணாகிய பூவம்மா தயங்கவில்லை. மூக்கு நேராக இருக்கிறவனெல்லாம் வீட்டுக்கு நேராக வந்து சேர்ந்துவிடுகிறானா என்று கேட்டுவிட்டுக் கழுத்தை நீட்டினாள். அன்று தொடங்கி அவள் ஏச்சு முத்தையாவுக்கு உப்பு மாதிரி. மாலையில் லயத்துக்குள் கால் வைத்ததும், “சப்பைமூக்கத் தூக்கிக்கிட்டு வந்தாச்சா” என்று தொடங்குவாள். அவள் முடிக்கும்போது ரொட்டி வெந்திருக்கும், அவனுக்கும் பசித்திருக்கும்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், தோட்டம் அரசாங்கத்துக்கு மாறிய மறுவருஷம், குளிர் நாடொன்றிலிருந்து சில டாக்டர்மார் பதுளைக்கு வந்தார்கள். கோணிய முகங்களை இலவசமாக நிமிர்த்திக் கொடுப்பது அவர்களுடைய தருமம். முகம் அனுப்பும்படி தோட்டங்களுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. துரை கங்காணியைக் கேட்டார். கங்காணிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெயரிலேயே மூக்கு வைத்திருக்கிற ஆள் ஒருவன்தான் தோட்டத்தில் இருந்தான். உத்தரவு என்றதும் முத்தையா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கத்தி டாக்டர்மாரிடமே இருக்கிறதென்று சொல்லி அதை வாங்கி வைத்துவிட்டு, அவனைப் பசறை பஸ்ஸில் ஏற்றினார்கள்.

கட்டு அவிழ்த்த நாளில் ஆஸ்பத்திரித் தாதிமாரே வரிசையில் வந்து பார்த்தார்கள். அப்படியொரு மூக்கு. நெற்றியில் புறப்பட்டு, வழியில் எங்கும் தங்காமல், நேரே உதட்டுக்கு மேலே வந்து இறங்கியது. ஒரு நீதவானுக்கு வைக்க வேண்டியதைத் தவறுதலாக இவனுக்கு வைத்துவிட்டார்களோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். முத்தையா இரண்டு துவாரத்தாலும் மூச்சை இழுத்துப் பார்த்தான். பதுளைப் பட்டணம் முழுவதும் உள்ளே வந்தது. மீன்கடைப் பக்கம்தான் கொஞ்சம் அதிகமாக வந்தது.

டாக்டர்மார் திரும்பிப் போகிற அன்று, அவர்களில் மூத்தவர் ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டு, முகம் மாறினால் மனமும் கொஞ்சம் தடுமாறக்கூடும், சில நாளைக்குக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த காலையும் உள்ளே எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷர், நினைத்ததைச் சொன்னார். அந்த ஒற்றை வாக்கியத்தை அஸ்திவாரமாக வைத்துப் பதுளையில் ஒரு சபை எழும்பியது.

அதன் பெயர் ‘முகமாற்றத்துக்குப் பிந்திய மனப்பொருத்தச் சபை’. அதற்கு ஒரு தலைவர், ஓர் உபதலைவர், உபதலைவர் வராத நாளில் வருவதற்கு இன்னொருவர், ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு சாரதி, ஜீப் நின்றுபோனால் தள்ளுவதற்கு நாலு பேர். பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்து, நடுக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நாட்டினார்கள். தலைவர் வைரவநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து எல்லா மாவட்டத்திலும் கையெழுத்து வைத்தவர். இதற்கு முன் அவர், கட்டப்படாத ஒரு பாலத்தைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்தார். அவர் காலத்தில் அந்தப் பாலத்துக்கு ஒரு சேதமும் வரவில்லை.

கவனித்துக்கொள்வதற்குத் தொடக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துப் பெண்ணொருத்தி பிளந்த உதடு ஒட்டியதும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். மடங்கிய காதை நிமிர்த்திக்கொண்ட பண்டாரவளை வியாபாரி பாறூக் ஹாஜியாரைத் தேடி ஜீப் போனது. அவர் கடை வாசலில் நின்று, “காது நல்லா ஈக்கி. நீங்க சொல்றதுதான் ஒண்டும் வெளங்கல்ல” என்று சொல்லிப் பலகையைச் சாத்தினார். மிச்சமிருந்தது முத்தையா. ஆக, தலைவரும் உபதலைவரும் ஜீப்பும் தள்ளுகிற நாலு பேரும் ஒரே மூக்கில் தொங்கினார்கள்.

இதெல்லாம் முத்தையாவுக்குத் தெரியாது. ஊருக்கு வந்த மறுநாளே, புது மூக்கோடு பெரட்டில் போய் நின்றான். சப்பைமூக்கு முத்தையா என்று கங்காணி கூப்பிட, இவன் முன்னால் வந்தான். கங்காணி இவனைப் பார்த்தார், இவனுக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பதுளையில் சபை வைத்திருக்கிறார்கள். முகம் மாற்றிய சப்பைமூக்கு முத்தையாவுக்கு மனம் பொருந்திவிட்டதென்று அவர்கள் பத்திரம் கொடுத்தால்தான் வேலை. தைப்பொங்கலுக்குள் பத்திரம் வராவிட்டால் பேர் வெட்டப்படும். பேர் வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். கோட்டு முத்தையாவின் மகனுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது, அவனுக்கு இடம் வேண்டும்.

முத்தையா அன்றே பஸ் ஏறினான். மனம் பொருந்தியதா என்று கேட்டால் பொருந்தியது என்று சொல்லப் போகிறோம், இதற்கு ஒரு பத்திரம்தானே என்று நினைத்தான்.

சபை கூடி இருந்தது. வைரவநாதன் அவனைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, புது மூக்கு வந்தபிறகு மனம் எப்படி இருக்கிறதென்று கேட்டார்.

“நல்லாருக்குங்க ஐயா. ரெண்டு பக்கமும் மூச்சு போகுதுங்க.”

“மூச்சைக் கேக்கேல்லை. மனத்தைக் கேக்கிறன்.”

“அதுவும் நல்லாத்தாங்க இருக்கு. சந்தோசமா இருக்கேங்க.”

உபதலைவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை; பிள்ளை பொய் சொல்லப் பார்த்த தகப்பனின் வருத்தம்தான் இருந்தது.

“நீர் சந்தோசமாய் இருக்கிறீர் எண்டதை நீர் எப்பிடி முடிவெடுக்கலாம், முத்தையா? அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம்.”

பிறகு அவர் விளக்கினார். முகம் மாறிய மனிதன் நாலு படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது மறைப்பு, அதாவது, துயரமாக இருந்துகொண்டு சந்தோஷமென்று சொல்வது. இரண்டாவது துயரம். மூன்றாவது தடுமாற்றம். நாலாவது பொருத்தம். ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் கால் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. முத்தையா சந்தோஷமாக இருப்பதால் அவன் முதற்படியிலேயே நிற்கிறான் என்பது தெளிவாகிவிட்டது. செவ்வாய்க்குச் செவ்வாய் வரவேண்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் முத்தையா கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூக்கைப் பார்த்துக் கைகூப்பி, ‘வணக்கம், நான்தான் முத்தையா’ என்று சொல்ல வேண்டும். அறிமுகப் பயிற்சி என்று அதற்குப் பெயர். மூக்கு பதில் சொல்லவில்லை. நல்லுறவு இன்னும் ஏற்படவில்லையென்று சபை முடிவுசெய்தது.

துயரத்தை அளப்பதற்குத் தனியாக ஓர் உத்தியோகத்தர் இருந்தார். பெயர் ஸஹாப்தீன். பதுளைக் கடைவீதியில் தையல்கடை வைத்திருந்த மாமாவிடம் இரவல் வாங்கிய நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பார். வாயின் ஓரத்திலிருந்து தாடை விளிம்பு வரை அளப்பார். வாய் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு துயரம். அவரும் சம்பளத்துக்குச் செய்கிற மனுஷர்தான். அளக்கும்போது முத்தையாவின் காதருகே, “கொஞ்சம் தொங்கவிடுங்களே, எனக்கும் சுகமா ஈக்கும்” என்பார்.

இந்தக் கூத்தைக் கேட்ட பூவம்மா, துயரம்தானே வேண்டும், கொடுத்துவிட்டு வாங்க என்று சொல்லியனுப்பினாள். அடுத்த செவ்வாய் முத்தையா உட்காரும்போதே, மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்குதுங்க என்றான். அன்றுபோல் அந்தச் சபையில் மகிழ்ச்சி நிலவியதில்லை. உபதலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் தேத்தண்ணீர் வந்தது. முத்தையாவுக்குச் சீனி போட்ட பணிஸும் வந்தது. அவன் அதைத் தின்றுகொண்டிருக்கும்போது ஸஹாப்தீன் அளந்தார். வாய் மேலே போயிருந்தது. பணிஸை நிறுத்தினார்கள்.

துயரம் ஏன் முழுசாக வரவில்லையென்று தலைவர் ஒரு வாரம் யோசித்தார். விடை கிடைத்தது. பழைய மூக்கு போய்விட்டது. ஆனால் அதற்கு யாரும் சாவுச் சடங்கு செய்யவில்லை. சடங்கு செய்யாத சாவுக்கு எப்படி அழுகை வரும்?

சபை ஒரு நல்ல நாளாகப் பார்த்தது. சத்திரசிகிச்சைக்கு முன்பு பிடித்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்தி, ஊதுவத்தி கொளுத்தினார்கள். உத்தியோகத்தர் எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். வெளியே தப்பு அடிக்க ஆள் வந்திருந்தது. ஸஹாப்தீனும் ஒரு மாலை போட வேண்டும் என்று உபதலைவர் சொன்னபோது அவர் பின்வாங்கி, “மூக்குக்குத் தனியா ஜனாஸா எடுக்கிற வழக்கம் எங்கட பக்கத்துல இல்ல சேர்” என்றார். அவரைக் கதவருகே நிற்கவிட்டு நாடாவை ஆயத்தமாக வைத்திருக்கச் சொன்னார்கள்.

தலைவர் இரங்கலுரை ஆற்றினார்.

“இந்த மூக்கு பெரிய மூக்கில்லை. அழகான மூக்கும் இல்லை. ஆனால், சபையோரே, இது தான் மடிஞ்சு எங்களை வாழவைச்ச மூக்கு. பாலத்தைப் பாதுகாத்த காலத்திலை எனக்கு ஒரு சைக்கிள்கூடத் தரேல்லை. இண்டைக்கு ஜீப் நிக்குது. ஒரு நோயாளி சுகமானால் அது அந்த நோயாளியின்ரை தனிப்பட்ட காரியம். ஒரு சபை கலைஞ்சால் அது நாட்டுக்கு இழப்பு. இதை முத்தையா உணரவேணும்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அழத் தொடங்கினார். உபதலைவர் விம்மினார். ஜீப் தள்ளுகிறவர்களில் ஒருவன், தன் தாயின் சாவை நினைத்துக்கொண்டானாம், ஓவென்று அழுதான். நெருங்கிய சொந்தக்காரனென்று முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட முத்தையா, எல்லோரும் அழுவதைப் பார்த்து, அழுகிறவர்களைத் தேற்றுவதுதான் முறையென்று எழுந்துபோய்த் தலைவரின் முதுகைத் தடவிக் கொடுத்தான். அழ வேண்டியவன் ஆறுதல் சொன்னான். அது கடுமையான மறைப்பு. சபை அவனை மீண்டும் முதற்படிக்கு இறக்கியது.

இது பதுளையில். தோட்டத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

மூக்கு வந்தபிறகு லயத்து ஆட்கள் முத்தையாவிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர்ப் பீலியடியில் இவன் போனால் விலகி வழிவிட்டார்கள். நாலு பேர் துரையை ஏசிக்கொண்டிருக்கும் இடத்தில் இவன் தலை தெரிந்தால், பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. இளிச்ச முத்தையாகூட இவனைக் கண்டால் பல்லை மூடினான். எங்கே என்று யார் கேட்டாலும், “பதுளைக்குப் போயிருக்கார்” என்றார்கள், முன்பெல்லாம் ‘போயிருக்கான்’.

அதையும் பொறுத்திருப்பான். பூவம்மா அவனை ஏசுவதை நிறுத்தியிருந்தாள். மாலையில் வந்தால் “வாங்க” என்றாள். விருந்தாளிக்கு வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணீர் கொடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றாள். ஒருநாள் அவனால் தாங்கவில்லை. வேண்டுமென்றே சேற்றுக் காலோடு அடுப்படி வரை போய் நின்றான். அவள் சேற்றைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

“ஏன் புள்ள, ரெண்டு வார்த்த ஏசேன்” என்றான்.

“வரமாட்டேங்குதுங்க” என்றாள் பூவம்மா. “அந்த மூக்கப் பாத்தா கணக்கப்பிள்ள ஐயா வந்து நிக்கிற மாதிரியே இருக்கு. எப்படிங்க வாய் வரும்?”

அன்றைக்குத்தான் முத்தையாவுக்கு உண்மையாகவே துயரம் வந்தது. சொந்தக் காம்பராவில் விருந்தாளியாக உட்கார்ந்து, கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணீர் குடித்தான்.

அடுத்த செவ்வாய் ஸஹாப்தீன் நாடாவை வைத்துப் பார்த்து, நம்பாமல் திரும்ப வைத்துப் பார்த்து, “ஒண்டரை அங்குலத்துக்கு எறங்கிட்டு சேர்” என்று அறிவித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. முத்தையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துயரம் வந்துவிட்டதுங்க, பொங்கல் நெருங்குதுங்க, பத்திரத்தைக் கொடுத்தால் போய்விடுவேன் என்று கேட்டான். ஏன் இந்தத் துயரம், வீட்டில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. துயரம் இரண்டாவது படிதான், இன்னும் தடுமாற்றம் இருக்கிறது என்று தலைவர் நினைவூட்டினார்.

தடுமாற்றம் சபைக்குத்தான் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்தது. அவர் சபைகளை மூடுகிற அதிகாரி. முத்தையா துயரமாக இருந்தால், இத்தனை மாதம் என்ன கிழித்தீர்கள் என்பார். சந்தோஷமாக இருந்தால், வேலை முடிந்ததே, வீட்டுக்குப் போங்கள் என்பார். சபை கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்து ஒரு வழி கண்டது. முத்தையா இடது பக்க முகத்தால் சிரிக்க வேண்டும். வலது பக்கத்தால் துயரப்பட வேண்டும். அதிகாரி இடது பக்கம் உட்கார்ந்தால் சபை வெற்றி. வலது பக்கம் உட்கார்ந்தால் சபை அவசியம். முத்தையாவைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துப் பழக்கினார்கள். புது மூக்கு நடுவில் நல்ல வேலி மாதிரி நின்றதால், இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கலக்காமல் வந்தன.

அதிகாரி வந்து நேர் எதிரே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக்கு வாதமா?” என்று கேட்டார்.

வைரவநாதன் வியர்த்துப் போனார். ஆனால் பாலம் காத்த அனுபவம் வீண்போகவில்லை. “இல்லை சேர். கால்வாசி குணம்” என்றார்.

அதிகாரியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மிச்ச முக்காலுக்கு எவ்வளவு காலமாகும் என்று விசாரித்தார். வருஷத்துக்குக் கால்வாசி வீதம் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார் தலைவர். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மனம் திறந்து பேசினார்.

“நான் எத்தனையோ சபைகளை மூடியிருக்கிறேன். வேலையை முடித்த சபையை உடனே மூடுவேன். வேலையே செய்யாத சபையைக் கொஞ்சம் பொறுத்து மூடுவேன். ஆனால் கால்வாசி செய்கிற சபையை மூடுவதற்கு எனக்கு அதிகாரம் தரப்படவில்லை. அப்படி ஒரு சபையைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.”

முத்தையாவுக்கு இரண்டு பக்க முகமும் விழுந்துவிட்டது. எழுந்து நின்று கைகட்டி, பொங்கலுக்குப் பேர் வெட்டிவிடுவார்கள், காம்பரா போய்விடும், பெண்சாதியோடு எங்கே போவேன் என்று கெஞ்சினான். அதிகாரி கனிவோடு கேட்டுவிட்டுத் தலைவரின் பக்கம் திரும்பி, எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திக்கிறாரே, அருமையான முன்னேற்றம் என்று பாராட்டினார். ஸஹாப்தீன் மட்டும் அவனை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். “இனி வராதீங்க தம்பி” என்றார் மெதுவாக. “வந்தா விடமாட்டாங்க. நீங்க இல்லாட்டி எங்களுக்கு ஆருமில்ல.”

பொங்கலுக்கு முந்திய காலைப் பெரட்டு. மலையை மூடிக் கொட்டுப்பனி. முத்தையாவுக்கு அங்கே வேலையில்லை. பேர் வெட்டப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டாவது போவோம் என்று ஓரமாக வந்து நின்றான். கங்காணி வழக்கம்போலச் சப்பைமூக்கு முத்தையா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இவனால் பதில் சொல்ல முடியாது, பத்திரம் இல்லை. கணக்கப்பிள்ளை பேனாவால் ஒரு கோடு கிழித்தார். அவ்வளவுதான். ஒரு மனுஷனை வெட்டுவதற்குக் கவ்வாத்துக் கத்தி தேவைப்படவில்லை.

அடுத்து, கவ்வாத்து மலைக்கு ஆள் ஒன்று குறைந்தது. வெட்டியதால்தான் குறைந்தது என்பதைக் கங்காணி கவனிக்கவில்லை. பனிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஓரமாக நிற்கிற அந்த ஆள் யாரென்று கேட்டார்.

பெண்கள் வரிசையில் நின்ற நாலைந்து பேர், நாலைந்து மாதமாகப் பதுளை, பதுளையென்று சொல்லிப் பழகியதையே சொன்னார்கள்.

“அது பதுளை முத்தையாங்க.”

கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார். பேரேட்டில் அப்படி ஒரு முத்தையா இல்லை. முகம் எங்கோ பார்த்த முகமாகவும் பட்டது. பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். முத்தையா பெண்கள் வரிசையில் பூவம்மாவைத் தேடினான். கூடையும் கம்பளியுமாகப் பூவம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

“பத்திரம் சப்பைமூக்கு முத்தையாவுக்குத்தானேங்க கேட்டாங்க? இவரப் பாருங்க, மூக்கு நல்லாத்தானே இருக்கு.”

கணக்கப்பிள்ளை பார்த்தார். மூக்கு நன்றாகத்தான் இருந்தது. சப்பை என்று சொல்வதற்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை. சப்பைமூக்கு இல்லாதவனிடம் சப்பைமூக்குக்காரனின் பத்திரத்தைக் கேட்பது முறையல்ல என்பது அவருக்கே விளங்கியது. புது ஆளாகப் பதிந்தார். புது ஆளுக்குக் காம்பரா கொடுக்க வேண்டும். இப்போதுதான் காலியான ஒன்று இருந்தது. அதை எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

“அந்தக் காம்பராவுல ஒரு பொம்பள இருக்கே.”

“அது நான்தாங்க.”

“அதத்தான் சொல்றேன். நீ சப்பைமூக்கு முத்தையா பெண்சாதியாச்சே.”

“அவரு வெட்டுப்பட்டுட்டாருங்களே” என்றாள் பூவம்மா. “இவரு வந்து இருந்துட்டுப் போகட்டும். நான் ஒத்துக்கிறேன்.”

பெரட்டுக் களத்தில் யாரும் சிரிக்கவில்லை. கோட்டு முத்தையாவின் மகன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தகப்பன் கோட்டுக் கையால் அவன் வாயைப் பொத்தினான். கணக்கப்பிள்ளை கூச்சத்தோடு எழுதி முடித்தார். அன்று மாலை கவ்வாத்து மலையிலிருந்து சேற்றுக் காலோடு அடுப்படி வரை வந்தவனைப் பார்த்ததும் பூவம்மாவுக்கு வாய் தானாகத் திறந்தது. நேற்று வந்த ஆள், ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தத் திமிரா என்று தொடங்கினாள். மேட்டு லயம் வரை கேட்டது. முத்தையா மூன்று ரொட்டி சாப்பிட்டான்.

பங்குனியில் சபை ஜீப் தோட்டத்துக்கு வந்தது. நோயாளி செவ்வாய்க்கிழமைகளில் வராமல் போய் வெகு நாளாகியிருந்தது. கடைசி வளைவில் ஜீப் நின்றுவிட, நாலு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதையோரம் முத்தையா இடுப்பில் படங்குச் சாக்கோடு கான் வெட்டிக்கொண்டிருந்தான். ஸஹாப்தீன் முதலில் இறங்கினார். கையில் சட்டம் போட்ட பெரிய படம். சபையிடம் இருந்தது அந்தப் பழைய படம் ஒன்றுதான். அதைக் காட்டி, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்க வந்தவர், முத்தையாவின் முகத்தைக் கண்டதும் கேட்காமல் நின்றார். பிறகு படத்தைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, மலையைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார்.

வைரவநாதன் கிட்ட வந்தார். முத்தையாவின் மூக்கை நெடுநேரம் பார்த்தார். எத்தனையோ செவ்வாய்க்கிழமை பார்த்த மூக்கு. அவருடைய ஜீப்பும் நாற்காலியும் வரப்போகிற ஓய்வூதியமும் அதன் மேல்தான் ஏறி நின்றன.

“நீர் ஆர்?”

“பதுளை முத்தையாங்க.”

தலைவர் மூச்சை விட்டார். படத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இவரைத் தெரியுமோ?”

“தெரியுங்க. நம்ம லயத்து ஆளுதான்.”

“இப்ப எப்பிடி இருக்கிறார்?”

நல்லாயிருக்கான் என்றால் இந்த மனுஷர் இன்றைக்கே அநாதை. செத்துப்போனான் என்றால் மறுபடி ஒரு சாவுச் சடங்கு. முத்தையா மண்வெட்டிப் பிடியைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

“தேறலைங்க ஐயா.”

வைரவநாதனின் முகத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. ஆள் சாப்பிடுகிறாரா, கண்ணாடி பார்க்கிறாரா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். சாப்பாடு குறைவுதான், கண்ணாடியைக் கண்டால் நடுங்குகிறார் என்று முத்தையா சொன்னான். தலைவர் அவன் தோளைத் தட்டினார்.

“நீர் பக்கத்திலை இருக்கிற ஆள். பாத்துக்கொள்ளும். அவரை அவசரப்படுத்திச் சந்தோசப்பட வைக்க வேண்டாம்.”

ஜீப் பின்பக்கமாக இறங்கிப் போனது. அது மறையும்வரை நின்று பார்த்த கோட்டு முத்தையா, அடுத்த கானிலிருந்து எட்டிக் கேட்டான், யாரைத் தேடி வந்தார்களாம் என்று.

“நம்ம சப்பைமூக்கனத்தான்.”

“எப்படி இருக்கானாம்?”

“மோசமாத்தான் இருக்கானாம்.”

சொல்லிவிட்டு முத்தையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அந்த ஆளை இவனைப்போலத் தெரிந்தவர் வேறு யார்? ஒரு துவாரத்தால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவிட்டுப் போனவன்.

“நல்ல மனுசன்” என்றான்.

“ஆமா” என்றான் கோட்டு முத்தையா.

மேலேயிருந்து கங்காணி, “ஏய் பதுளை, அங்க என்ன பேச்சு” என்று கத்தினார். முத்தையா குனிந்து கான் வெட்டினான்.